பதினோராவது கேள்வி

இப்போது வரும் இணையத்தைவிடப்
பத்து மடங்கு வேகமாக வந்தால்
மாதம் எத்தனை யூரோ கூடுதலாகத் தருவீர்கள்?
ஐந்தா, பத்தா, இருபதா?
சரி என்றால் ஏற்று, தயங்கினால் இறக்கு.
தாலின் அலுவலகத்தில் அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள்,
மீன் பேரம் மாதிரி ஆகிவிடக்கூடாது என்று.
மீன் பேரம் மாதிரிதான் இருந்தது.

ஹீயுமா தீவில் பிப்ரவரி.
கப்பலிலிருந்து இறங்கிய என் காருக்கு
நாற்பத்திரண்டு வீடுகள் பாக்கி.

ஆர்வோ டிராக்டருக்கு அடியிலிருந்து
தலையை வெளியே நீட்டாமலே சொன்னார்:
"கேபிள் புதைக்க வருகிறவன்
என் கிணற்றுக் குழாயை உடைக்காமலிருக்க
எவ்வளவு என்று கேள், தருகிறேன்."
பூஜ்யம் என்று குறித்தேன்.
பூஜ்யத்திலும் இரண்டு கட்டங்கள்:
வேண்டாத பூஜ்யம், கோபத்துப் பூஜ்யம்.
எதுவென்று தெரியாமல் நடுக்கோட்டில் போட்டேன்.

லின்டா ஒரே கேள்விதான் கேட்டாள்,
பக்கத்து வீட்டுக்காரி எவ்வளவு சொன்னாள் என்று.
சொல்லக் கூடாது என்றேன்.
"அப்படியானால் அவளைவிட ஒரு யூரோ கூடப் போட்டுக்கொள்."

கைடோ பதினைந்து என்றான்.
மார்யா எட்டு என்றாள்.
ராத்திரி முழுக்க அவன் திரையில் யாரைச் சுடுகிறான் என்று
அவளுக்குத் தெரியும்.
குழந்தை கேள்வித்தாளின் ஓரத்தைக் கடித்தது.
வீட்டுக்கு ஒரு பதில்தான் எழுத முடியும் என்றேன்.
நான் காரைக் கிளப்பும்வரை
அந்த ஒரு பதில்
உள்ளே உரக்க நடந்துகொண்டிருந்தது.

விர்வே கதவைத் திறந்து
காதைத் தொட்டுக் கையை விரித்தாள்.
நோட்டில் எழுதி எழுதிப் பேசினோம்.
கணவன் ஹெய்கி கடலுக்கு அப்பால்,
துர்க்குவில், கப்பல் தளத்தில் வெல்டர்.
அவனுக்கும் கேட்காது.
ஞாயிறுதான் அவர்கள் நாள்.
அன்று செவ்வாய்.
நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அழைத்தாள்.

வந்தான். கையைத் தூக்கினான்.
விரல்கள் சதுரம் சதுரமாக உதிர்ந்தன.
ஒரு சொல்லின் பாதியில்,
தாடைக்கும் மார்புக்கும் நடுவில்,
கை நின்றது.
நான்கு வினாடி. ஒன்பது.
பிறகு அந்தச் சொல்லைத் தாண்டி
வேறெதன் வாலோ வந்து சேர்ந்தது.

அவள் எழுதினாள்:
படம் போனால் போகட்டும்,
குரல் வந்தால் போதும் என்பீர்கள் நீங்கள்.
எங்களுக்குப் படம்தான் குரல்.
போன மாதம் அவன் வருகிறேன் என்றானா,
வரவில்லை என்றானா தெரியவில்லை.
இரண்டு பேருக்குச் சமைத்தேன்.

பதினோராவது கேள்வியைக் காட்டினேன்.
எழுந்துபோய் விறகு ரசீதை எடுத்து வந்தாள்,
மின்கட்டணத்தை, மருந்துச் சீட்டை.
மருந்துச் சீட்டின் முதுகில் கூட்டினாள்,
கழித்தாள், அடித்தாள்,
நூற்றுப்பத்து என்று எழுதினாள்.
கீழே பொடியாக:
முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை.

என் டேப்லெட் ஐம்பதுக்கு மேல் ஏற்காது.
சிவப்பில் சொன்னது: சரிபார்க்கவும்.
சரிபார்த்தேன். நூற்றுப்பத்து.
சரிபார்க்கவும்.

ஏப்ரலில் அறிக்கை வந்தது.
சராசரி வீடு மாதம் ஒன்பது யூரோ நாற்பது சென்ட் தருமாம்.
நாற்பத்திரண்டு கதவு தட்டியிருக்கிறேன்,
அந்த வீட்டை நான் பார்த்ததில்லை.
பதினேழாம் பக்கத்து அடிக்குறிப்பு:
பொருந்தாத விடை ஒன்று நீக்கப்பட்டது.

காபி வரிசையில் நிற்கையில் சில நாள்
என் வலது கை தானாக எழுந்து
தாடைக்கும் மார்புக்கும் நடுவில் நிற்கிறது.
மீதிச் சொல் எனக்குத் தெரியாது.
கல்லாவில் இருப்பவள்
விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:
"இரண்டா, மூன்றா?"